திருப்பிக் கொடுத்த கேள்வி

மணி அடிச்சாச்சு. இனிமே ஒரு மணி நேரத்துக்கு இந்தச் சரிவுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது, வந்தவங்களும் கூடாது, நானும் கூடாது, தாஸும் கூடாது, விதி போட்டதே நாங்க ரெண்டு பேருந்தான், நல்ல நாள் பாத்து எனக்கு நானே வாய்ப்பூட்டு போட்டுக்கிட்டேன். ஏற்காட்டுக் காபித் தோட்டம், மழை விட்டும் காயாத ஈரம், இருபது வாத்தியாரும் டீச்சரும் ஆளுக்கொரு மரத்தடி பாத்து உக்காந்தாச்சு. கீழ நாமக்கல் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவங்க. செல்போனை வாங்கி வெச்சாச்சு, பேனா கிடையாது, புஸ்தகம் கிடையாது, பக்கத்துல ஆள் கிடையாது, சும்மா உக்காந்து உள்ள என்ன ஓடுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான் பயிற்சி. கேக்க லேசா இருக்கும். வருஷம் பூரா பேசியே பொழைக்கிற சனங்களுக்கு இது பட்டினி. குணவதி டீச்சர் இப்பவே தன்னைச் சுத்திக் கிடக்கிற சருகை எல்லாம் பொறுக்கிக் குவிக்க ஆரம்பிச்சிட்டாங்க, வகுப்பறை நெனப்பு. பி.டி. மாஸ்டர் கண்ணை மூடி நெஞ்சை நிமித்தி உக்காந்திருக்கார், இன்னும் கொஞ்ச நேரத்துல தலை தொங்கும், எல்லா ஊர் பி.டி. மாஸ்டரும் அப்படித்தான். எல்லாரும் கண்ணுக்குத் தெரியணும்னு நான் மேல பாறையில, கீழ யாரும் இறங்கிடக் கூடாதுன்னு தாஸ் தண்ணித்தொட்டிகிட்ட. நடுவுல மரம் மரமா. மரத்துக்கு நடுவுல அவர் முதுகு, ஊதாச் சட்டை. ஒரு தடவை திரும்பிப் பாத்தா என்ன. பாக்க மாட்டார். அதுவும் விதிதான், பயிற்சி குடுக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டா உக்காந்திருக்கிறவங்க நம்மளைப் பத்தித்தான் ஏதோ பேசிக்கிறாங்கன்னு நெனப்பாங்க. நான் மட்டும் பாத்துக்கிட்டிருக்கேன்.

காலையில கயிறு கட்டும்போது கேட்டார். சிலந்தி வலைன்னு ஒரு ஆட்டம், ரெண்டு மரத்துக்கு நடுவுல கயித்தை வலையாப் பின்னிவிட்டு, கயித்துல படாம ஒவ்வொரு ஆளையும் மத்தவங்க தூக்கி அந்தப் பக்கம் அனுப்பணும், சிரிப்பும் சண்டையுமா போகும், முடிவுல யார் யாரை நம்புறாங்கன்னு தெரிஞ்சு போகும். முடிச்சு நான் போடுவேன், இழுத்துப் பிடிக்கிறது அவர். எப்பவும் அப்படித்தான். இழுத்துப் பிடிச்சுக்கிட்டே சொல்றார், "வேணி, டேராடூன் பக்கத்துல இருந்து கூப்பிடுறாங்க. மலையேத்தம் சொல்லிக் குடுக்கிற பள்ளிக்கூடம். நிரந்தர வேலை, தங்க வீடு. அங்கயே இருந்து புதுப் பயிற்சியாளர்களைத் தயார் பண்ணணுமாம்." கயித்தைப் பாத்து சொன்னார், நான் முடிச்சைப் பாத்து கேட்டேன். டேராடூன் எங்க இருக்கு, மேப்புல மேல, நாலாங்கிளாஸ் பிள்ளைங்க கலர் அடிக்க மறந்துடுற இடத்துல. அப்புறம் கயித்தை விட்டுட்டுக் கேட்டார். "நான் போகட்டுமா?" நிமிர்ந்து நேரா என் மூஞ்சியைப் பாத்து. நான் என்ன சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை. தமிழ் தெரிஞ்ச எந்தச் சிறுக்கியும் சொல்லியிருப்பா. நான் சொன்னேன், "உங்களுக்கு என்ன தோணுது தாஸ்?" குரலைக் கொஞ்சம் இறக்கி, தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, ஊர் ஊரா நான் செஞ்சு காட்டுற அதே சாய்ப்பு. அவர் "நல்ல கேள்வி"ன்னார். எங்க தொழில்ல பதில் இல்லாதப்போ நேரத்தை ஓட்டுறதுக்குச் சொல்ற சொல்லு அது. திரும்பவும் கயித்தை எடுத்து இழுத்துப் பிடிச்சார். நான் முடிச்சு போட்டேன். முடிச்சு சரியா விழல, அவுத்துத் திரும்பப் போட்டேன்.

பழக்கம், வேறென்ன. பதில் சொல்லாதே, கேள்வியை அவங்ககிட்டயே திருப்பிக் குடு. இந்தத் தொழில்ல நுழையும்போது முதல்ல தலையில ஏத்துற பாடம் அதுதான். பதில் உன்கிட்ட இல்ல, கேக்கிறவங்ககிட்டதான் இருக்கு, நீ வழியில நிக்காம நகர்ந்துக்கோ, அவ்வளவுதான். தப்புன்னு சொல்ல மாட்டேன், வேலை செய்யுற பாடம். ஓசூர்ல ஒரு பேக்டரி சூப்பர்வைசர், ஆறடி ஆள், மீசைக்காரர், வலை ஆட்டம் முடிஞ்சதும் கேட்டார், "நான் என்ன மேடம், அவ்வளவு கோவக்காரனா?" திருப்பிக் குடுத்தேன். ஆறடியும் மடங்கி உக்காந்து அழுதுச்சு, அடுத்த மாசம் அவர் பொண்டாட்டி போன் பண்ணி நன்றி சொன்னாங்க. ஆனா வீட்டுக்கும் இந்த நோய் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. அண்ணி சாம்பாரா ரசமான்னு கேட்டா, உங்களுக்கு எது பிடிக்குது அண்ணிங்கிறேன். "உன்னைப் போய்க் கேட்டேன் பாரு"ன்னு கரண்டியை டொம்முனு வெக்கிறாங்க. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழனிப் பானையில துள்ளி விழுமாம். விழுந்து கிடக்கேன். விழுந்தது காலையில, இன்னும் வெளிய வர வழி தெரியல. இன்னிக்குத்தான் கடைசி நாள், சாயங்காலம் பஸ் மலை இறங்கும், சேலத்துல நான் இறங்கிடுவேன், அவர் திண்டுக்கல் போயிடுவார், அடுத்த வேலை எப்பன்னு தெரியாது, அதுக்குள்ள அந்த டேராடூன்காரங்களுக்கு அவர் ஏதாவது ஒண்ணு சொல்லியாகணும். ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு அம்மா சொல்லும். வாயில என்னடி கொழுக்கட்டையான்னும் சொல்லும்.

அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் என் வேலை என்னன்னு புரியல. சேலத்துல கணக்கு டீச்சரா இருந்தேன், அது புரிஞ்சுச்சு, வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் எம்பொண்ணு கணக்கு டீச்சர்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போச்சு. அதை விட்டுட்டு இதுக்கு வந்தேன். "கயிறு, பந்து, கலர்த்துணி, கண்ணுக்குக் கட்டுற கர்ச்சீப்பு, இதை மூட்டை கட்டிக்கிட்டு ஊர் ஊரா எங்கடி போறே, சர்க்கஸா"ன்னு கேக்கும். செஞ்சு பாத்துக் கத்துக்கறதும்மா, சொல்லிக் குடுத்தா மண்டையில நிக்காது, விழுந்து எந்திரிச்சாதான் நிக்கும்பேன். "அதுக்குக் காசு வேற குடுக்கிறானா"ன்னு அதிசயப்படும். சொந்தக்காரங்க கல்யாணத்துல ஒரு மாமா, "என்னம்மா, பெரியவங்களுக்கு விளையாட்டு சொல்லித் தர்றியாமே"ன்னு கேட்டார், ஆமாங்க மாமா, நீங்களும் வாங்க, உங்களுக்குத்தான் ரொம்பத் தேவைன்னேன், அதுக்கப்புறம் அந்த வீட்டுல இருந்து பத்திரிகை வர்றதில்ல. எப்படி வந்தேன் இதுக்குள்ள. எங்க பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு பயிற்சிக்கு அனுப்பினாங்க, வேண்டா வெறுப்பா போனேன், விடைத்தாள் கட்டைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் போனேன். கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கிற ஆட்டம். ரெண்டு ரெண்டு பேரா சேரணும், ஒருத்தருக்குக் கண்ணு கட்டு, இன்னொருத்தர் பேசாம கூட்டிட்டுப் போகணும். ஒத்தைப்படையில ஆள் நின்னு போச்சு, மிஞ்சினது நான். பயிற்சி குடுக்க வந்தவரே எனக்குத் துணையா வந்தார். முழங்கையில ரெண்டு விரல், அவ்வளவுதான். வலிக்காம, விடாம. படி வந்தா விரல் கொஞ்சம் மேல தூக்கும், பள்ளம் வந்தா லேசா அழுத்தும். ஒரு இடத்துல நிறுத்தி என் கையை எடுத்து எதுலயோ வெச்சார், சொரசொரன்னு, அப்புறம் ஈரமா, பலாமரத்துப் பட்டை. மரம் ஒண்ணை அதுக்கு முன்னாடி நான் தொட்டதே இல்லையான்னு இருந்துச்சு. கண்ணுக் கட்டை அவுத்ததும் முதல்ல தெரிஞ்சது அவர் மூஞ்சி, மூக்குக் கண்ணாடி, முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் கோணல். அன்னிக்கு விடைத்தாள் திருத்தல. அப்புறம் என்னைக்குமே சரியாத் திருத்தல.

அப்ப தாஸுக்குக் கல்யாணம் ஆகி மக இருந்தா. வீட்டுக்காரம்மா செசிலி அக்கா. நல்ல மனுஷி, திண்டுக்கல்ல அவங்க வீட்டுக்குப் போனா தட்டு நெறயச் சோறு போட்டுட்டு இன்னும் கொஞ்சம்பாங்க. அவங்களை அக்கான்னு கூப்பிட வாய் தானா வந்துச்சு. இவரை அண்ணான்னு கூப்பிட வரல. இந்தத் தொழில்ல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் வந்த அன்னிக்கே தாஸ் அண்ணாங்கும், அது ஒரு வேலி, போட்டுக்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு நாக்கு திரும்பல. முதல்ல சார்னேன், அப்புறம் ஒண்ணுமே சொல்லாம பேசினேன், அப்புறம் ஒரு நாள் தாஸ்னு வந்துடுச்சு, அப்படியே நின்னு போச்சு. யாரும் ஏன்னு கேக்கல. கேட்டிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன். செசிலி அக்கா இருந்த வரைக்கும் மனசுல ஒரு நெனப்புக் கூட இல்லன்னு சத்தியம் பண்ணுவேன், பொய்ச் சத்தியமா இருக்கும். இருந்துச்சு. அதை நான் சோத்துக்குள்ள கல்லு வந்தா முழுங்குற மாதிரி முழுங்கிக்கிட்டேன், அவங்களுக்குத் துரோகமா ஒரு பார்வை கூட பாக்கல. அவங்க நோவுல படுத்து, போய்ச் சேர்ந்து, அவர் ஒரு வருஷம் ஆட்டம் எதுவும் நடத்தாம கணக்கு மட்டும் எழுதிக்கிட்டு உக்காந்திருந்தார். நான்தான் எல்லா ஊருக்கும் போனேன். அவர் திரும்ப வேலைக்கு வந்து எதிர்ல உக்காந்தப்போ தலை நரைச்சிருந்துச்சு. சாப்டீங்களான்னு கேட்டேன். சாப்டேன்னார். அவ்வளவுதான் பேசிக்கிட்டோம்.

குணவதி டீச்சர் குவிச்ச சருகைத் திரும்பக் கலைச்சு விட்டுட்டாங்க. இப்ப சும்மா இருக்காங்க, கை ரெண்டும் மடியில. அது ஒரு நல்ல அடையாளம், கை நின்னா உள்ள ஏதோ கிளம்பியிருக்குன்னு அர்த்தம். பி.டி. மாஸ்டர் தலை தொங்கியாச்சு. ஒரு எறும்பு என் கால் விரல்ல ஏறி, யோசிச்சு, இறங்கிப் போகுது. அவர் முதுகு அசையல. அந்த மாப்பிள்ளை வந்தப்போ என்ன ஆச்சு, அதை இன்னிக்கு நெனைக்க வேண்டாம்னு பாக்கிறேன், வந்து நிக்குது. அண்ணன் கொண்டு வந்த இடம், ஈரோட்டுல மருந்துக் கடை, நல்ல ஆளுன்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கும் வயசு ஏறிக்கிட்டிருந்துச்சு, அம்மா வேற படுத்துக்கிட்டு இதைப் பாத்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்னு மெரட்டுது. நாகர்கோவில் போற ரயில்ல வெச்சு இவர்கிட்ட சொன்னேன். ஜன்னல் பக்கம் உக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருந்தார், உரிச்சுப் பாதி எனக்கு, பாதி அவருக்கு. "ஒரு இடம் வந்திருக்கு தாஸ். நான் என்ன பண்ணட்டும்?" அப்படித்தான் கேட்டேன், இதே மாதிரி, நேரா மூஞ்சியைப் பாத்து. செசிலி அக்கா போய் ரெண்டு மூணு வருஷம் ஆயிருந்துச்சு. கடலையை உரிக்கிறதை நிறுத்தினார். "உங்களுக்கு என்ன தோணுது வேணி?" அவரும் அதே சாய்ப்பு. அன்னிக்கு ரயில்ல இருந்து குதிச்சிடலாமான்னு இருந்துச்சு, இந்த மனுஷனுக்கு முழங்கையில விரல் வெக்கத் தெரியுது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியல, கல்லுளிமங்கன். எனக்குத் தோணுறதைச் சொல்லத்தான்யா உன்னைக் கேக்கிறேன். வாய்க்குள்ளயே சொன்னேன். மருந்துக் கடையை வேண்டாம்னு அனுப்பிட்டேன், அண்ணன் ஆறு மாசம் பேசல, அம்மா பாக்காமலேயே கண்ணை மூடிடுச்சு. ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு இவர் கேக்கவே இல்ல. அப்போ இன்னிக்குக் காலையில நான் செஞ்சது பழக்கமா, பழியா. அதுதான் இப்ப நெஞ்சுல குறுக்க நிக்குது. பழக்கம்னா மன்னிச்சுக்கலாம். எங்கயோ ஒரு மூலையில அந்த ரயில் உக்காந்திருந்து, இப்ப உன் முறைய்யா, நீயும் கொஞ்சம் வேகுன்னு வாயைப் பிடிச்சு அப்படிச் சொல்ல வெச்சிருந்தா. அப்படி ஒரு பொம்பளையா நான். இருக்கலாம். ஆனா பழி வாங்கிட்டா மனசு குளுந்திருக்கணும்ல, எரியுதே.

தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கிராமத்துல மகளிர் குழுவுக்கு ஒரு பயிற்சி. போற ஊர்ல எல்லாம் கேப்பாங்க, இவர் உங்க வீட்டுக்காரரான்னு. இல்லைங்க, கூட வேலை பாக்கிறவர். இதைச் சொல்லிச் சொல்லிப் பாடமாகிடுச்சு, யாருக்கு முதல்ல வாய் வருதோ அவங்க சொல்றது, பெரும்பாலும் நான்தான். அந்த ஊர்ல ஒரு அம்மா டம்ளர்ல டீ கொண்டு வந்து என்கிட்ட நீட்டி, "உங்க வீட்டுக்காரரு எப்படி, சக்கரை போட்டுப்பாரா?"ன்னு கேட்டுச்சு. என் வாய் நெறய முறுக்கு, உடனே சொல்ல முடியல. அவர் தின்னுட்டிருந்த முறுக்கைக் கீழ வெச்சுட்டு, "கம்மியா போடுங்கம்மா"ன்னார். அவ்வளவுதான். இல்லைங்கன்னு சொல்லல. மறந்துட்டாரா, சோம்பலா, அந்தம்மாவைச் சங்கடப்படுத்த வேண்டாம்னா, வேணும்னேவா. அந்த ஒரு டீயை நான் எத்தனை மாசம் குடிச்சேன். இப்பக்கூட குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு ஆசை, இதைச் சொல்றதுல என்ன இருக்கு, யாரும் கேக்கல, பேசாத நேரத்துல மனசுக்குள்ள சொல்றதுக்கு விதி ஒண்ணும் இல்ல, எனக்கு இந்த மனுஷன் மேல ஆசை. பஸ்ல கயித்து மூட்டையை மடியில வெச்சுக்கிட்டு வாயைத் திறந்து தூங்குறாரே, அப்ப அந்த வாயை மூடிவிடணும்னு ஆசை. அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தா ஆயிரம் பேர் முன்னாடி கையை நீட்டிச் சரி பண்ணணும்னு ஆசை. ஒரு காலையில எழுந்து எந்த ஊருக்கும் போகாம, எந்த மூட்டையும் கட்டாம, அவர் எதிர்ல உக்காந்து இட்லி திங்கணும். பெரிய ஆசை ஒண்ணும் இல்ல. நாப்பத்தாறு வயசுல பெரிய ஆசை எதுக்கு.

எதிர்ல. அதுதான் பயம். வட்டமா உக்காரும்போது நாங்க ரெண்டு பேரும் நேர் எதிர் எதிரா உக்காருவோம், எல்லா முகமும் ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது தெரியணும்னு அப்படி ஒரு முறை. அதனால இத்தனை வருஷமா நான் நடத்தின ஒவ்வொரு வட்டத்துலயும் எனக்கு நேரா அவர் மூஞ்சிதான். யாராவது அழுதா நான் முதல்ல அவரைத்தான் பாப்பேன், பொறுங்கன்னு கண்ணை மூடித் திறப்பார், பொறுப்பேன். யாராவது அபத்தமா பேசினா அவர் மூக்கு ஓரம் கொஞ்சம் விரியும், எனக்குச் சிரிப்பு முட்டும், குனிஞ்சு கொலுசைப் பாத்துப்பேன். அந்த இடத்துல நாளைக்கு வேற ஒருத்தர் உக்காருவாங்க. யாராவது ஒரு சின்னப் பொண்ணு, அக்கா அக்கான்னு. நல்ல பொண்ணாத்தான் இருக்கும். நானும் நல்ல அக்காவாத்தான் இருப்பேன். அந்த ஊரடங்கு வருஷத்துல கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஒரு பயிற்சி நடத்தினோமே, அப்ப அவர் கட்டம் எங்க இருக்குன்னு தேடியே எனக்குப் பாதி நேரம் போச்சு, ஒரு தடவை மூலையில, ஒரு தடவை கீழ, யாராவது உள்ள வந்தா இடம் மாறிடும். அப்பவே தெரிஞ்சிருக்கணும் எனக்கு. தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் என்ன பண்ணினேன், உங்க பக்கம் சத்தம் சரியாக் கேக்குதா தாஸ்னு கேட்டேன்.

எந்திரிச்சுப் போயிடலாமா. இப்பவே. பாறையில இருந்து இறங்கி, மரத்துக்கு மரம் தாண்டி, குணவதி டீச்சரைத் தாண்டி, தூங்குற மாஸ்டரைத் தாண்டி, நேரா தொட்டிகிட்ட போய், போகாதீங்கன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்து உக்காந்துடலாம். பேசாத நேரத்துல பயிற்சியாளரே பேசினா இருபது பேரும் தலையைத் தூக்கிப் பாப்பாங்க, அவங்களுக்குள்ள என்னென்ன வந்துச்சோ எல்லாம் ஓடிப் போயிடும், அது பாவம். ஒருத்தர் ஒருத்தரா இப்பத்தான் அடங்கியிருக்காங்க. இந்த அடக்கத்துக்காகத்தான் மூணு நாளா கத்தினோம். அதோட, அவர் போகணும்னு ஆசைப்பட்டா. மலைன்னா உசுரு அவருக்கு, சின்ன வயசுல இமயமலை ஏறினதைச் சொல்லும்போது மூஞ்சியே வேற ஆகும். அம்பத்தி நாலு வயசுல ஒருத்தனுக்கு வீடு குடுத்து மலையும் குடுத்து வாய்யான்னு கூப்பிடுறாங்க, நான் யாரு குறுக்க விழுறதுக்கு. வேணாம்னு சொல்ல எனக்கு என்ன உரிமை, கூட வேலை பாக்கிறவ. சரி, உரிமை இல்ல, ஆனா கேட்டாரே. போகட்டுமான்னு என்னைத்தானே கேட்டார். மகளைக் கேட்டாரா, தெரியாது. என்னைக் கேட்டார். உரிமை இல்லாதவகிட்ட யாராவது கேப்பாங்களா. போற ஆளு போறேன்னு சொல்லுவான், போகட்டுமான்னு கேப்பானா. இதே இடத்துக்கு இது எத்தனாவது தடவை வர்றேன், செக்கு மாடு. எந்திரிக்கணும்னு காலை ஊணினேன். கால் மரத்துப் போயிருக்கு, ஊசி ஊசியா குத்துது. அந்தக் குத்தல் அடங்கட்டும்னு நின்னேன் பாருங்க, அந்த நேரம் பாத்து அவர் எந்திரிச்சு மணியை அடிச்சுட்டார்.

வட்டம் கூடியாச்சு. ஒவ்வொருத்தரும் ஒண்ணே ஒண்ணு சொல்லணும், இந்த ஒரு மணி நேரத்துல உள்ள என்ன வந்துச்சு. யாரும் நடுவுல பேசக் கூடாது, சரி தப்பு சொல்லக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, முடிஞ்சதும் வட்டம் நடத்துறவங்க நன்றின்னு ஒரு சொல்லு, அடுத்த ஆள். இன்னிக்கு நன்றி சொல்ற முறை தாஸோடது. நேர் எதிர்ல உக்காந்திருக்கார், என் பக்கம் பாக்கல. ஒருத்தர் பசி வந்துச்சுன்னார், நன்றி. ஒருத்தர் செத்துப் போன தம்பி வந்தான்னார், நன்றி. மாஸ்டர் நல்லாத் தூங்கினேன் சார், ரொம்ப நாள் கழிச்சுன்னார், எல்லாரும் சிரிச்சாங்க, அவருக்கும் நன்றி. குணவதி டீச்சர் கடைசி. சருகு பொறுக்கினேன், அப்புறம் எதுக்குப் பொறுக்குறோம்னு இருந்துச்சு, விட்டுட்டேன், முப்பது வருஷமா பொறுக்கிட்டேதான் இருக்கேன்னாங்க. நன்றி. முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன். டீச்சர் விடல. "நாங்கல்லாம் சொல்லியாச்சு. நீங்க ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே மேடம். மேல உக்காந்து நீங்க என்ன நெனச்சிட்டிருந்தீங்க?"

நீங்க என்ன நெனைக்கிறீங்க டீச்சர், அது அப்படியே தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, தலை கூட கொஞ்சம் சாஞ்சிடுச்சு. நிமித்திக்கிட்டேன். "இவர் டேராடூனுக்குப் போறதா இருக்கார்"ன்னேன், குரல் எனக்கே வேற யாரோ மாதிரி. "நல்ல வேலை. போகட்டுமான்னு காலையில என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லல. போகக் கூடாது. அதைத்தான் ஒரு மணி நேரமா நெனச்சிட்டிருந்தேன்."

யாரும் அசையல, பாவம், யாரும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு அவங்களுக்கு நாங்கதானே சொல்லிக் குடுத்திருக்கோம். மாஸ்டர் மட்டும் நல்லா முழிச்சுக்கிட்டார். தாஸ் குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டிருந்தார். அப்படியே "நன்றி, வேணி"ன்னார். ஆளுங்க முன்னாடி எப்பவும் வேணி மேடம்னுதான் சொல்லுவார். "சார், நீங்க?"ன்னாங்க குணவதி டீச்சர், அவங்களுக்கு யார்கிட்டயும் பயமில்ல.

அவர் கண்ணாடியைக் கழட்டி சட்டையில தொடைச்சார். "நான் முந்தாநாளே அவங்களுக்கு வரேன்னு சொல்லிட்டேன்"ன்னார். "சொன்னதுக்கு அப்புறமும் இன்னிக்குக் காலையில எதுக்குப் போகட்டுமான்னு கேட்டேன்னு அங்க உக்காந்து யோசிச்சேன். வேணி வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு நெனச்சுத்தான் கேட்டிருக்கேன். முன்னாடியே கேட்டிருக்கணும். ரயில்லயே நான் ஒண்ணு சொல்லியிருக்கணும்."

ரயில்னா என்னன்னு இருபது பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அவருக்கு ஞாபகம் இருக்கு, இத்தனை வருஷமும் இருந்திருக்கு. அவர் பேசினதுக்கு நன்றி சொல்ல வேண்டியது நான். எல்லாரும் என்னைப் பாக்கிறாங்க. அந்தச் சொல்லு வாயில ரெடியா இருக்கு, சொல்லிட்டா வட்டம் முடிஞ்சுடும், சாப்பிடப் போயிடலாம், சாயங்காலம் பஸ்.

"திரும்ப போன் போட்டு வரலைன்னு சொல்லுங்க"ன்னேன்.

"வேணி, இது வட்டம். இங்க யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது."

"யோசனை இல்ல தாஸ். எனக்கு நீங்க வேணும். தோட்டத்துக் கேட்டுக்கு வெளிய போனா டவர் கிடைக்கும், பேசிட்டு வாங்க. நாங்க சாப்பிடாம இருக்கோம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, முட்டியில கையை ஊணி எந்திரிச்சார்.